அக்வாவின் திறப்பும் பதிவுப் புத்தகமும்: திருகோணமலையில் காரைத் திருட்டிலிருந்து காப்பது பற்றி

2025 மார்ச் 16 — நிலாவெளி வாசகர் ஒருவரின் கேள்வி

பாவித்த ரொயோட்டா அக்வா ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். பொத்தானை அழுத்தி எழுப்பும் வகை. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா, திறப்பு வீட்டுக்குள் இருந்தாலும் கள்வர்கள் அலைக்கருவியால் காரைத் திறந்து கொண்டுபோய்விடுவார்கள் என்று சொல்லி, திறப்பை வைப்பதற்கு அலையைத் தடுக்கும் பை ஒன்று அனுப்புவதாகச் சொல்கிறார். எங்கள் ஊரில் அது தேவையா? தேவையென்றால், பையோடு காரியம் முடிந்துவிடுமா?

2025 மார்ச் 16, இரவு

அண்ணா சொல்வது உண்மை. அவர் இருக்கும் நாட்டில் அது அன்றாடச் செய்தி. கார்த் திருட்டுக்காகவே கனடிய அரசு 2024 பெப்ரவரியில் ஒட்டாவாவில் தேசிய மாநாடு ஒன்றைக் கூட்டியது. அங்கே திருடப்படும் கார்களில் ஒரு பகுதி கொள்கலனில் ஏறி மொன்றியல் துறைமுகம் வழியாகக் கடல் கடந்துவிடுகிறது.

முறை இதுதான். கதவுப் பிடியை நீங்கள் தொட்டதும், கார் ஏறத்தாழ 125 முதல் 135 கிலோஹேர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலைவரிசையில் திறப்பை அழைக்கும். அந்த அழைப்பு ஒரு மீற்றர் அளவுக்குத்தான் எட்டும். திறப்பு அதைக் கேட்டு, வேறோர் உயர்ந்த அலைவரிசையில் இரகசியக் குறியீட்டுடன் பதில் அனுப்பும். இருவர் கூட்டாக வந்து, ஒருவர் காரருகிலும் மற்றவர் வீட்டுக் கதவருகிலும் கருவியுடன் நின்றால், காரின் அழைப்பைக் கதவடி வரை நீட்டிவிடலாம். குறியீட்டை யாரும் உடைக்கவில்லை. தூரம் மட்டுமே பொய்யாக்கப்படுகிறது. சூரிச் தொழினுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் எட்டு நிறுவனங்களின் பத்து மாதிரிக் கார்களைச் சோதித்தார்கள். பத்தும் இந்த முறைக்கு வசப்பட்டன.

ஆகவே பையை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பை வந்ததும் மனம் ஆறிவிட வேண்டாம். காப்புறுதி நிறுவனமொன்றின் இழப்பீட்டுப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: என் மேசைக்கு வந்த கோவைகளில் கார் போன வழி பெரும்பாலும் அலைவரிசையாக இருக்கவில்லை. உரிமையாளரின் கையிலிருந்தே திறப்பு போயிருந்தது.

2025 மார்ச் 17

நேற்றைய கடைசி வரியை விரித்து எழுதும்படி இருவர் கேட்டிருக்கிறார்கள்.

திறப்பு கைமாறும் இடங்களை நினைத்துப் பாருங்கள். கல்யாண மண்டபத்தில் காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தும்படி ஒரு பெடியனிடம் கொடுக்கிறோம். சேர்விஸ் நிலையத்தில் காலையில் கொடுத்துவிட்டுப் பின்னேரம் எடுக்கிறோம். தெரிந்தவரின் மைத்துனர் ஒரு நாள் வாடகைக்குக் கேட்கிறார், கொடுக்கிறோம். இவற்றில் எதையும் பை தடுக்காது.

பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் அக்வா போன்ற ஹைபிரிட் கார்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. அக்வா "ரெடி" நிலையில் நிற்கும்போது பெரும்பாலும் எஞ்சின் சத்தமே இருக்காது. பிரதான வீதியில் மருந்துக் கடைக்கு முன்னால் குளிரூட்டியை ஓடவிட்டு, மனைவி பிள்ளைகளும் கூடவே இறங்க, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குள் போய்விடுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். கார் கீச்சிட்டு எச்சரிக்கும். ஆனால் தானாக நிற்காது. திறப்பு விலகிப்போன பின்னரும் அதை ஓட்டிக்கொண்டு போகலாம். ஒருமுறை நிறுத்தினால்தான் மீண்டும் எழுப்ப முடியாது. அனுராதபுரம் வரை நிறுத்தாமல் ஓட வேண்டும் என்று எண்ணியவனுக்கு அது ஒரு தடையே இல்லை. இறங்கும்போது பொத்தானை அழுத்தி அணைத்து, முகப்பு இருண்டதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டுங்கள்.

2025 மார்ச் 17, பின்னேரம்

கடற்கரையை மறந்துவிட்டேன் என்று உப்புவெளியிலிருந்து ஒரு சகோதரி நினைவூட்டுகிறார். அவர் சொல்வது முக்கியமானது. ஏப்ரல் முதல் செப்ரெம்பர் வரை எங்கள் பக்கத்துக் கடல் அமைதியாக இருக்கும். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கார்கள் வரிசையாக நிற்கும். ஸ்மார்ட் திறப்பை உப்புத் தண்ணீருக்குள் கொண்டுபோக முடியாது என்பதால், அதைக் காற்சட்டையில் சுற்றி மணலில் வைத்துவிட்டுக் குடும்பத்தோடு இறங்குகிறார்கள். எடுப்பவனுக்கு எந்தக் கார் என்று தேட வேண்டிய அவசியமும் இல்லை. பொத்தானை அழுத்தினால் அதுவே விளக்கைச் சிமிட்டித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கன்னியா வெந்நீரூற்றிலும் இதே கதைதான்.

கோணேசர் கோவிலில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறோம். சட்டைப் பையில் இருந்த திறப்பு கூட்டத்தில் விழுந்தால் யாருக்கும் தெரியாது. கோவில் இருக்கும் கோட்டைக்குள் இராணுவத்தினர் நிற்கிறார்கள் என்ற நம்பிக்கை வேண்டாம். திறப்போடு வந்து காரை எடுப்பவரை அவர்கள் ஏன் மறிக்கப்போகிறார்கள்?

கடலில் ஒருவர் குளிக்கும்போது மற்றவர் கரையில் இருப்பதே நல்ல ஏற்பாடு. தனியே போகிறவர்கள், நீர் புகாத சிறு உறைக்குள் திறப்பை இட்டுக் கழுத்தில் கட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்த உறையை வீட்டுத் தொட்டியில் ஒருமுறை அமிழ்த்திப் பார்த்துவிட்டே எடுத்துப் போகுங்கள்.

2025 மார்ச் 19

பையைப் பற்றி மீண்டும். அது வீண்செலவு என்று நான் சொன்னதாகச் சிலர் விளங்கிக்கொண்டிருப்பதால், தெளிவாக எழுதுகிறேன். விலை குறைந்த, பழக எளிதான பாதுகாப்பு அது. உலோக இழை ஓடிய துணி திறப்புக்குள் அலை போவதைத் தடுக்கிறது. ஆனால் மடித்து மடித்துப் பாவிக்கும்போது அந்த இழை முறிகிறது. வெளியே பார்த்தால் தெரியாது. எனவே இடைக்கிடை சோதியுங்கள். திறப்பைப் பைக்குள் மூடிக்கொண்டு காரருகில் போய்க் கதவுப் பிடியைத் தொடுங்கள். திறந்தால் பையை மாற்ற வேண்டும்.

அண்ணாவின் பொதி வரும்வரை, இறுக்கமான மூடியுள்ள பிஸ்கற் தகரப்பேணி போதும். அதையும் இதே விதமாகச் சோதித்த பிறகே நம்புங்கள். சில பேணிகளில் மூடியின் இடுக்கால் அலை கசியும். மேலதிகத் திறப்பும் அதற்குள் இருக்க வேண்டும். ஒன்றைப் பேணிக்குள் பூட்டி மற்றதை வாசலடி ஆணியில் தொங்கவிட்டால் பயனில்லை.

பலருக்குத் தெரியாத ஒரு வசதி: ரொயோட்டாவின் பல ஸ்மார்ட் திறப்புகளில், பூட்டும் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி திறக்கும் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால், சிறு விளக்கு நான்கு முறை சிமிட்டித் திறப்பு உறங்கிவிடும். பற்றரியைச் சேமிப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. உறங்கும் திறப்பு காரின் அழைப்புக்குப் பதில் சொல்லாது. ஏதாவதொரு பொத்தானை அழுத்தினால் மீண்டும் விழிக்கும். இரவில் இதைச் செய்யப் பழகினால் பையே வேண்டியதில்லை.

2025 மார்ச் 23

வாடகைக்குக் கொடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். இந்தக் கேள்வி பதில் தொடரில் நான் சொல்ல விரும்புவதில் மிகவும் கனமான பகுதி இதுவே.

உவர்மலையில் எனக்குத் தெரிந்த ஒருவர், மகளின் படிப்புச் செலவுக்கு உதவும் என்று தன் காரை மாத வாடகைக்குக் கொடுத்தார். எடுத்தவர் முதல் மாதம் ஒழுங்காகப் பணம் தந்தார். அடுத்த மாதம் பிந்தித் தந்தார். பிறகு தொலைபேசி ஓய்ந்தது. கார் வேறொரு மாவட்டத்தில், வேறொருவரிடம் அடகில் இருந்தது. அடகு பிடித்தவர் தானும் ஏமாற்றப்பட்டவர் என்று சொல்லிக் காரை விட மறுத்தார். உரிமையாளர் பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைந்து காரை மீட்டபோது அது ஓடித் தேய்ந்திருந்தது. இதற்கிடையில் அவர் காப்புறுதிக்கு விண்ணப்பித்திருந்தார், அது மறுக்கப்பட்டது. அவர் அழுதுகொண்டு என்னிடம் கேட்ட கேள்வி: "முழுக் காப்புறுதிதானே போட்டிருந்தேன்?"

பதில் கசப்பானது. தண்டனைச் சட்டக் கோவையில் திருட்டு 366ஆம் பிரிவில் வருகிறது. நம்பி ஒப்படைத்ததைக் கையாடுவது 388ஆம் பிரிவில், வேறொரு குற்றமாக வருகிறது. உங்கள் சம்மதத்தோடு திறப்பைப் பெற்றவர் காரைத் திருப்பித் தராதபோது, அது திருட்டா, நம்பிக்கை மோசடியா என்ற கேள்வி எழும். காப்புறுதிப் பத்திரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதாமல் இருக்கலாம். அதோடு, சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த காரை வாடகைக்கு விட்டால், பத்திரத்தின் நிபந்தனையே மீறப்பட்டுவிடுகிறது. வாடகைக்கு விடத்தான் வேண்டுமென்றால், அதை எழுத்தில் அறிவித்து, அதற்குரிய கட்டணத்தைச் செலுத்தி, நம்பிக்கை மோசடியும் உள்ளடங்குகிறதா என்று கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். எடுப்பவரின் தேசிய அடையாள அட்டையின் பிரதியோடு நின்றுவிடாமல், அவருடைய வீட்டுக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். பொய் முகவரி கொடுத்தவர் அந்த இடத்திலேயே அகப்பட்டுக்கொள்வார்.

2025 மார்ச் 24

"இப்படிச் சந்தேகப்பட்டால் ஊரில் வாழ முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய வருத்தம் எனக்கு விளங்குகிறது. ஆனால் மச்சானுக்குக் காரைக் கொடுப்பதையும், முன்பின் அறியாதவருக்கு மாத வாடகைக்கு விடுவதையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை. அறிமுகம் எத்தனை கை மாறி வந்தது என்பதைப் பாருங்கள். நான் கண்ட கோவைகளில் பெரும்பாலும் இடையில் ஒருவர் இருந்தார். அவருக்கும் எடுத்தவரைச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

2025 மார்ச் 30

டொல்பின் வான் என்று நாம் சொல்லும் பழைய ரொயோட்டா ஹையேஸ் வைத்திருக்கும் கிண்ணியா நண்பர், தன் வாகனத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். உண்மையில் அவருக்குத்தான் இரும்பும் கம்பியும் அதிகம் தேவை.

அந்தக் காலத்து வானில் திறப்பை அடையாளம் காணும் சில்லு இல்லை. இமொபிலைசர் என்ற சொல்லே அதற்குப் பொருந்தாது. ஐரோப்பாவில் புதிய கார்களுக்கு அது 1998இல்தான் கட்டாயமாயிற்று. தேய்ந்த பூட்டுக்கு வேறொரு தேய்ந்த திறப்பும் பொருந்திவிடும். ஆகவே மறைவான ஒரு சுவிட்ச் போடுங்கள். பழைய டீசல் எஞ்சினில், பம்பிலுள்ள எண்ணெய் நிறுத்தும் மின்வால்வான சொலினொயிட்டுக்குப் போகும் வயரை இடைமறித்தால், ஸ்ராட்டர் சுற்றும், எஞ்சின் எழும்பாது. பெற்றோல் வாகனத்தில் எரிபொருள் பம்பின் ரிலேயில் இதைச் செய்யலாம். சுவிட்ச் இருக்கும் இடம் உங்களுக்கும் செய்து தந்த எலக்ரீசியனுக்கும் மட்டுமே தெரிய வேண்டும். பியூஸ் போடாமல் இழுத்த வயர் தீப்பிடித்தால், திருட்டுக்குத் தப்பிய வாகனம் தீயில் போகும்; அதனால் கைதேர்ந்தவரிடமே கொடுங்கள். ஹைபிரிட் காரில் இந்த வேலையை அந்த வகைக் கார்களில் பழகியவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது.

ஸ்டியரிங்கில் பூட்டும் இரும்புத் தடியும் நல்லது. கண்ணாடி வழியாக அதைப் பார்த்தவன் அடுத்த வாகனத்தைத் தேடிப் போவான். கடற்காற்று மட்டும் அதை விடாது. உட்துறைமுக வீதியிலும் திருக்கடலூரிலும் வாழ்கிறவர்கள் மாதமொருமுறை பூட்டுக்கு எண்ணெய் விடாவிட்டால், ஒருநாள் காலையில் நீங்களே அதை அறுக்க வேண்டி வரும்.

2025 ஏப்ரல் 2

தலைவிளக்கைக் கழற்றிக் கார் திருடும் காணொளி ஒன்றை ஒருவர் பகிர்ந்திருக்கிறார். கற்பனை என்று தள்ள வேண்டாம். 2022இல் லண்டனில் இயன் ரேபர் என்பவரின் ரொயோட்டா ராவ்-4 அப்படித்தான் போனது. அவரே வாகன இலத்திரனியல் பாதுகாப்பு ஆய்வாளர் என்பதால் காரணத்தைத் தோண்டி எடுத்தார். 2023இல் அது விரிவாக வெளிவந்தது. காரின் கணினிகள் தமக்குள் பேசும் இரட்டைக் கம்பியைத் தலைவிளக்கின் பக்கமாகப் பிடித்து, "சரியான திறப்பு இருக்கிறது" என்ற போலிச் செய்தியை அதில் ஏற்றியிருந்தார்கள். திறப்பைப் பையிலும் பேணியிலும் வைத்து இதைத் தடுக்க முடியாது. மறைவான சுவிட்சும் இரும்புத் தடியும் தடுக்கும். அதனால்தான் இலத்திரனியல் நிறைந்த காருக்கும் பழைய தடியை நான் விடாமல் பரிந்துரைக்கிறேன்.

2025 ஏப்ரல் 6

ஜீ.பி.எஸ். கருவி பற்றி. போடுங்கள், அது திருட்டைத் தடுப்பதில்லை, தேடுவதற்கு உதவுகிறது. முகப்புக்குக் கீழே, கைக்கு எட்டும் இடத்தில் பொருத்தினால் கள்வன் முதலில் அங்கேதான் தேடுவான். அக்வாவில் பின்னிருக்கைக்கு அடியில் இருக்கும் 12 வோல்ற் பற்றரி சிறியது; கருவி இரவும் பகலும் அதிலிருந்து உறிஞ்சும். கார் வாரக்கணக்கில் நின்றால் அது இறங்கிவிடும். பெரிய ஹைபிரிட் பற்றரி நிரம்பியிருந்தாலும் கார் எழும்பாது. நெடுநாள் பயணம் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுங்கள்.

தொலைபேசியிலிருந்து எஞ்சினை நிறுத்தும் வசதியோடு சில கருவிகள் வருகின்றன. ஓடும் வாகனத்தை அப்படி நிறுத்தாதீர்கள். கந்தளாய் வீதியில் எதிரே வரும் குடும்பம் உங்களுக்குப் பகையல்ல. கார் நின்றுவிட்டது என்று கருவி காட்டிய பின்னரே அதைப் பாவிக்க வேண்டும்.

பொருளைத் தேட உதவும் அப்பிளின் சிறு வில்லையான எயார்ராக் போதுமா என்ற கேள்விக்கு: அதற்குள் சிம் இல்லை, அருகில் போகும் ஐபோன்களை நம்பியே தன் இருப்பிடத்தைச் சொல்லும். ஹபரணைப் பக்கத்துக் காட்டுப் பாதையில் அது பெரும்பாலும் மௌனமாகவே இருக்கும். மேலும், தன்னோடு ஒரு வில்லை பயணிக்கிறது என்று கள்வனின் தொலைபேசிக்கே எச்சரிக்கை போகக்கூடும். துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

2025 ஏப்ரல் 13

இப்போது பத்திரங்கள். கேட்டவருக்கு இதை முதலிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் மேலேயுள்ளவற்றைப் படித்த பின்னர்தான் இதன் தேவை விளங்கும்.

தீவிலிருந்து காரைக் கப்பலேற்றி விற்பது இங்கே கள்வனுக்கு எளிதல்ல. எடுத்த காரை அவன் ஒன்றில் பிரித்துப் பாகங்களாக விற்க வேண்டும், அல்லது வேறொரு காரின் அடையாளத்தை அதற்குப் பூட்டி ஓட்ட வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த காரின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். பக்கக் கண்ணாடி, தலைவிளக்கு, ஹைபிரிட் பற்றரி ஆகியவற்றின் விலையும் கூடவே ஏறியது. புகைக்குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கன்வேட்டரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் அதற்கும் தனிச் சந்தை உண்டு. காரைக் கராஜில் விடுமுன் கீழ்ப்பகுதியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுப் புத்தகத்தின் மூலப் பிரதியைக் காருக்குள் வைக்காதீர்கள். காரும் புத்தகமும் ஒன்றாகப் போனால், கள்வனுக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. வாங்குபவரின் பெயரை நிரப்பாமல் கையொப்பமிட்டு வைத்த உரிமை மாற்றப் படிவமான "ஓப்பின் பேப்பர்" அதோடு இருந்தால் முழு வேலையும் முடிந்துவிடும். கண்ணாடிகளின் மூலையில், காரின் உடலில் பொறித்திருக்கும் அடையாள இலக்கமான செசி இலக்கத்தைச் சிறிதாகப் பொறித்துவிட்டால், அடையாளத்தை மாற்ற நினைப்பவன் எல்லாக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும்.

நிலாவெளி நண்பருக்கு இன்னும் ஒன்று. பாவித்த காரை வாங்கியிருக்கிறீர்கள். காரின் கணினியில் எத்தனை திறப்புகள் பதியப்பட்டிருக்கின்றன என்பதை ஸ்கானர் உள்ள கராஜில் பார்க்க முடியும். உங்கள் கையில் இரண்டு இருக்க, கணினியில் மூன்று பதியப்பட்டிருந்தால், மூன்றாவது யாரிடம் இருக்கிறது? உங்களிடம் இருப்பவற்றை மட்டும் மீளப் பதியச் செய்து, மற்றதை அழித்துவிடுங்கள். புத்தகத்திலுள்ள செசி இலக்கத்தை வாகனத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முதல் தலைமுறை அக்வாவுக்கு அது என்.எச்.பி.10 என்று தொடங்கும். இலக்கத்தைச் சுற்றி ஒட்டுவேலையோ புதுப் பூச்சோ தெரிந்தால், விற்றவரை உடனே தேடிப் பிடியுங்கள். உரிமை மாற்றத்தையும் தள்ளிப்போட வேண்டாம். கார் இன்னும் பழைய உரிமையாளரின் பெயரில் இருக்கும்போது களவு போனால், நீங்கள் முறைப்பாட்டோடு நிற்கும் இடத்தில் அவருடைய பெயர்தான் பேசும்.

2025 ஏப்ரல் 14

புதுவருடத்தன்று இதை எழுதுவதற்குக் காரணம், விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனவர்கள் பலர் இருப்பதே.

காரைக் காணவில்லையா? லீசிங்கில் எடுத்த காரானால், தவணை பாக்கி இருக்கிறதா என்று முதலில் நினைத்துப் பாருங்கள். நிறுவனம் எடுத்துப் போயிருந்தால் ஓர் அழைப்பில் தெரிந்துவிடும். அப்படியில்லை என்றால் 119க்கு அழைத்துவிட்டு, அண்மையிலுள்ள பொலிஸ் நிலையத்துக்கு நேரே போங்கள். எங்கள் நகரத்திலிருந்து கார் வெளியேறும் பெருவழிகள் சிலவே: அனுராதபுரத்துக்கு ஏ-12, கந்தளாய் வழியாக ஏ-6, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர், மட்டக்களப்புக்கு ஏ-15, வடக்கே புல்மோட்டை வீதி. கந்தளாய் ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். உறவினர் எல்லோரிடமும் விசாரித்து முடித்துப் பொலிசுக்குப் போகும் நேரத்தில் கார் அதையும் கடந்திருக்கும்.

இலக்கத்தகடு, செசி இலக்கம், எஞ்சின் இலக்கம், நிறம், கீறலும் நெளிவும் தெரியும் படங்கள் ஆகியவை உங்கள் தொலைபேசியிலும், வீட்டில் இன்னொருவரின் தொலைபேசியிலும் இருக்க வேண்டும். முறைப்பாட்டின் இலக்கத்தை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் எழுத்தில் அறிவித்தால், யாராவது உரிமை மாற்றத்துக்கு வரும்போது கோவை நிற்கும்.

2025 ஏப்ரல் 15

"புத்தகம் வீட்டில் இருந்தால், வீதியில் பொலிசார் மறிக்கும்போது என்ன காட்டுவது?" என்று கேட்டவருக்கு: சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், கண்ணாடியில் ஒட்டிய வருமான அனுமதிப்பத்திரம் ஆகியவை போதும். புத்தகத்தின் நிழற்பிரதியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் வீட்டு முகவரியை மட்டும் மறைத்துவிடுங்கள்.